பைபாஸுக்கு அப்பால் ஒரு வருடம்

சென்னையிலிருந்து திருச்சிக்கு வண்டியில் போகிறவர்கள் இன்று பெரம்பலூரைப் பார்ப்பதே இல்லை. பைபாஸில் ஏறி, மேம்பாலத்தில் இறங்கி, டோல்கேட்டின் ஓரத்தில் பைக்குக்கென்று விட்டிருக்கும் சந்தில் நுழைந்து வெளியே வந்தால் ஊர் பின்னால் போயிருக்கும். முப்பது வருடத்துக்கு முன்பு ஒவ்வொரு ஊரின் கடைத்தெரு வழியாகத்தான் சாலை போனது. சந்தை நாளென்றால் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தாக வேண்டும். தேர்த் திருவிழா என்றால் இறங்கி நின்றாக வேண்டும். அப்படி நின்றதில்தான் கோட்டையும், சுதைக் குதிரையும், கல்லாகிப் போன மரத்தின் கதையும் நம்மிடம் வந்து சேர்ந்தன. யாரும் தேடிப் போகவில்லை.

ரைடு என்று தனியாக ஒன்றைத் திட்டமிடும் பழக்கமும் அன்று மிகச் சிலருக்குத்தான் இருந்தது. வண்டி வாங்குவதே பெரிய காரியம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக வந்து திருவொற்றியூரில் உருவான புல்லட்டை மிராசுதாரும் போலீஸும் வைத்திருந்தார்கள். ராஜ்தூத், ஜாவா, யெஸ்டி வைத்திருந்தவர் பங்க்கில் பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து ஊற்றச் சொல்வார். 1985-ல் ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 போன்றவை வந்த பிறகுதான் வாத்தியார், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர் கைக்கெல்லாம் பைக் எட்டியது. அப்போதும் தூரப் பயணத்துக்கு ஒரு காரணம் வேண்டும்: குலதெய்வக் கோயில், அக்கா வீட்டு விசேஷம், நிலத்துப் பத்திரம். காரணம் இல்லாமல் வண்டியை எடுத்தால் "பெட்ரோல் என்ன ஆத்துத் தண்ணியா?" என்று அப்பா கேட்பார்.

அதனால் வருடத்துக்கான திட்டத்தைப் பஞ்சாங்கமும் மழையும்தான் போட்டுக் கொடுத்தன. வழியை டீக்கடையில் லாரி ஓட்டுநர்கள் சொன்னார்கள். எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எந்த மலையில் மண் சரிந்திருக்கிறது என்பது அவர்களுக்கு முந்தின நாளே தெரிந்திருக்கும். மஞ்சள் தலை மைல்கல் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை என்றால் மாநிலச் சாலை. பெட்டிக்குள் ஒரு ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள், டியூப், ஸ்பேனர் செட் இருக்கும். வண்டி ரிசர்வுக்கு வந்துவிட்டால் அடுத்த பங்க் எத்தனை மைலில் என்ற கவலை கூடவே வரும்.

இன்று அந்தக் கவலைகளில் பாதி இல்லை, அதற்காக நான் மனமார மகிழ்கிறேன். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. 2015 ஜூலையில் நீதிமன்றம் கண்டிப்புக் காட்டியதற்குப் பிறகு ஹெல்மெட் இல்லாமல் ஊர் தாண்டுவது குறைந்திருக்கிறது. பெண்கள் தனியாகவும் குழுவாகவும் நெடுந்தூரம் ஓட்டுகிறார்கள். நள்ளிரவில் டயர் பஞ்சரானாலும் போனில் ஒரு நம்பரைத் தேடி எடுக்கலாம்.

ஆனால் போனில் உள்ள மேப் நமக்குக் காட்டுவது சீக்கிரமாகப் போய்ச் சேரும் வழியை. சீக்கிரமான வழி எப்போதும் ஊருக்கு வெளியேதான் போகும். அன்று ஒதுக்கினாலும் கண்ணில் பட்டவை, இன்று திட்டம் போட்டால்தான் கண்ணில் படும். மாறியதில் பெரிய மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். வருடத்துக்கொரு ரைடு பட்டியல் போடுவது அந்தக் காலத்தில் ஆடம்பரமாகத் தெரிந்திருக்கும். இப்போது அது அவசியமாகிவிட்டது. அந்தப் பட்டியலைக் கிலோமீட்டரை வைத்துப் போடாமல், சாலையோரம் இருக்கும் அதிசயங்களை வைத்துப் போட வேண்டும்.

மறுபடி அந்தப் பெரம்பலூரையே எடுத்துக்கொள்வோம். ஊருக்கு வடக்கே நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே ரஞ்சன்குடி கோட்டை இருக்கிறது. 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கம் என்று மோதிய இடம். தெற்கே சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில். வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் கோயில் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ரைடு போகிறவர்களுக்குப் பூட்டிய கதவுதான் தெரியும். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் சாத்தனூர். பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. டைனோசர்கள் உலவிய காலத்தில் இந்தப் பகுதி கடலாக இருந்தது. ஆற்றோடு அடித்து வரப்பட்ட மரம் கடலடியில் மண்ணுக்குள் புதைந்து, அதன் உடலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்கா ஏறிக் கல்லாகியிருக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதை வெளியுலகுக்குச் சொன்னார். பக்கத்துக் காரையில் மழை அரித்த செம்மண் மேடுகளில் கடல்வாழ் உயிரிகளின் சுவடுகள் இன்றும் கிடைக்கின்றன. நெடுஞ்சாலையிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஒதுங்க வேண்டாம். நூற்றிருபதில் திருச்சிக்குப் பறக்கும் வண்டிகள் ஒரு பழங்கடலைத் தாண்டிப் போகின்றன, ஓட்டுகிறவருக்கு அது தெரியாமலே.

இப்படி ஓர் இடத்தை மையமாக வைத்தால் மாதம் தானாக அமையும். மாசி மகத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலம் போக வேண்டும். அய்யனார் கோயிலின் பிரம்மாண்டமான குதிரை அன்று காகிதப் பூ மாலைகளுக்குள் மூழ்கியிருக்கும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி. காற்றாலைகளுக்கு நடுவே கணவாய்க் காற்று பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். பெரிய பெட்டி கட்டிக்கொண்டு அந்த நாட்களில் போக வேண்டாம். அதே பக்கத்தில் திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிக்காடு. தார்ச்சாலையின் இரண்டு ஓரமும் செக்கச் சிவந்த மணல். காற்று மணலைச் சாலை மீது கொட்டியிருக்கும் இடத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது. மார்கழியில் கோடியக்கரைக்குப் பூநாரைகள் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் போக வேண்டாம் என்பதே என் எண்ணம். வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலை ஓடையாகிவிடும். செயின், டயர், பிரேக் பேட் மாற்றுவதற்கு நல்ல மாதங்கள் அவை.

தனுஷ்கோடியில்தான் அன்றும் இன்றும் அருகருகே தெரியும். 1964 டிசம்பர் புயலில் ஊரே போனது. 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்குள் சாலை வழியாக வண்டி ஓட்டி வரவே முடியாது. அதற்குப் பிறகும் முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடிந்துவிடும். பைக்கை அங்கே நிறுத்திவிட்டு, மணலில் குலுங்கிப் போகும் வேனில் மீனவர்களோடும் கருவாட்டுக் கூடைகளோடும் உட்கார வேண்டும். இடிந்த தேவாலயத்தைக் காட்டியபடியே வேன்காரர் புயலின் கதையைச் சொல்லி முடிப்பார். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. இரண்டு பக்கமும் கடல், நடுவே நேர்கோடாகத் தார். நாட்டின் அழகான சாலைகளில் ஒன்று அது, மறுப்பதற்கில்லை. ஆனால் பலர் முனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், இடிந்த ஊருக்குள் கால் வைப்பதில்லை. கதை சொல்ல ஆள் இன்றும் அங்கே இருக்கிறார், சங்கு விற்றுக்கொண்டு.

மலைச்சாலைகளுக்கு இன்று நேரக் கணக்கு மாறிவிட்டது. பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-லிருந்தும், திம்பம் மலைப்பாதையில் 2022-லிருந்தும் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்டிலிருந்து இருசக்கர வண்டிக்கே இடமில்லை. சிலர் இதையெல்லாம் குறையாகச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரவில் அந்தக் காட்டுச் சாலைகள் யானைக்கும் மானுக்கும் உரியவை. மைசூருக்குப் பழைய சாலையில் போனால் சன்னபட்டணத்து மரப் பொம்மைக் கடைகள் வழியிலேயே இருக்கின்றன.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பதும் இன்று பந்தயத் தடத்தின் எண்ணிக்கையாகிவிட்டன. கேமரா ஹெல்மெட்டில் ஓடுகிறது, வண்டி எதிர்ப் பக்கத்து ஓரத்தில் சாய்கிறது. கீழிருந்து ஏறி வரும் அரசுப் பேருந்துக்கு அந்த வளைவில் முழுச் சாலையும் வேண்டும். அது தெரியாத இளைஞர்கள் அதில் மோதி விழுகிறார்கள். வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது வளைவில் வரையாடு சாலையோரம் நிற்கும் நேரத்தில் சைலன்சரை மாற்றிய வண்டிகள் அதிர்ந்து போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும், வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும் என்பவை டீக்கடையில் லாரிக்காரர்கள் சொல்லிக் கொடுத்த பாடங்கள். மேப் இவற்றைச் சொல்வதில்லை.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பதினெட்டு வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையைப் படித்துக்கொண்டே ஏற வேண்டுமென்றால் மூன்றாவது கியருக்கு மேல் போகவே முடியாது. மலைச்சாலைக்குச் சரியான வேகம் அதுதான்.

அடுத்த வருடத்துக் காலண்டர் வந்ததும் உங்கள் வீட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் பத்து இடங்களைக் குறித்துவிடுங்கள். போகும்போது பைபாஸில் போனாலும் திரும்பும்போது ஊருக்குள் வாருங்கள். சாத்தனூருக்கும் காரைக்கும் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அங்கே கிடக்கும் கல் ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். ஆளுக்கொன்றாக எடுத்து எடுத்தே நிறையக் காணாமல் போய்விட்டது.