சிறு விமானமும் பெருஞ்சட்டமும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

விமானம் என்றவுடன் கண்டம் விட்டுக் கண்டம் தாவும் பெரிய ஊர்திகளே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் விமானப் போக்குவரத்தின் பொருளாதாரத்தை அறிய விரும்பும் மாணவன் முதலில் பார்க்க வேண்டியது எட்டுப் பேர் அமரும் சிறு விமானத்தை. இதை எழுதும் நான் இன்றுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை. எனினும் பிரிட்டனின் உள்நாட்டு விமானங்களின் கதையைப் படிக்கத் தொடங்கியபோது, வகுப்பில் கேட்ட சந்தைக் கோட்பாடுகள் பலவும் அங்கே உயிர்பெற்று நடமாடக் கண்டேன்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு 1967ஆம் ஆண்டில் லோகன்ஏர் நிறுவனம் விமானம் விடத் தொடங்கியது. தொலைவு 2.7 கிலோமீட்டர்தான். அட்டவணையில் குறித்த நேரம் இரண்டு நிமிடம். 53 வினாடிகளிலேயே கடந்துவிட்ட சாதனையும் உண்டு. உலகின் மிகக் குறுகிய அட்டவணை விமானப் பயணம் இதுவே. பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாக வெளியிடுவது வழக்கம். அத்தீவுகளில் வாழ்வோருக்கு இது வேடிக்கையன்று. பள்ளிக்கு ஆசிரியரும், நோயாளியிடம் மருத்துவரும் போய்ச் சேர்வது இத்தகைய விமானங்களால்தான். பயணச்சீட்டு வருமானத்தைக் கொண்டு இவை ஓடவில்லை. உள்ளாட்சி மன்றம் பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்கிறது.

இவ்வழிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஃப்ரெசன் என்ற விமானி 1933இல் ஹைலாண்டு ஏர்வேஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, இன்வெர்னஸ், விக், கர்க்வால் ஆகிய ஊர்களை இணைத்தார். அடுத்த ஆண்டே தபால் துறை அவரிடம் அஞ்சல் பைகளை ஒப்படைத்தது. விமானத்தில் போகும் கடிதத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. சாதாரணத் தபால் தலையே போதும். பிரிட்டனில் அம்முறை தொடங்கியது அங்கேதான். போருக்குப்பின் அரசு விமானத் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. 1947இல் அந்தச் சிறு நிறுவனங்கள் பிரிட்டிஷ் ஐரோப்பிய ஏர்வேஸ் என்னும் அரசுக் கழகத்துள் கரைந்தன. பின்னர்த் தனியாருக்கும் இடம் தரப்பட்டது. எனினும் எந்த வழியில் யார் பறக்கலாம் என்பதை உரிமம்தான் தீர்மானித்தது. 1972இல் பணிதொடங்கிய சிவில் விமான ஆணையம் அவ்வுரிமங்களை வழங்கிற்று.

1993இல் ஐரோப்பியச் சந்தை திறந்துவிடப்பட்டது. தகுதிபெற்ற நிறுவனம் விரும்பிய வழியில், விரும்பிய கட்டணத்தில் பறக்கலாம் என்றாயிற்று. 1995 நவம்பரில் ஈசிஜெட் நிறுவனம் இலண்டனுக்கு அருகிலுள்ள லூட்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு 29 பவுண்டுக்கு ஆள் ஏற்றியது. பெருநகர மக்களுக்கு இது பெரும் நன்மையே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டணம் குறைய வேண்டுமானால் விமானம் பெரிதாக இருக்க வேண்டும், நிறையவும் வேண்டும். 180 பேர் பயணம் செய்யும் விமானத்துக்கும் 50 பேர் பயணம் செய்யும் விமானத்துக்கும் விமானிகள் இருவர்தாம். அச்செலவைப் பங்கிட 50 பேர் மட்டுமே உள்ள ஊர் என்ன செய்யும்? நிலையான செலவு என்று நாம் பாடத்தில் படிக்கும் சொல்லின் பொருள் இங்கேதான் நன்கு விளங்குகிறது.

அடுத்த இடர்ப்பாடு இலண்டனின் வாசலில் காத்திருந்தது. ஹீத்ரோ நிலையத்தில் ஓடுபாதைகள் இரண்டே. ஆகவே இறங்கவும் ஏறவும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நேரம் ஒதுக்கப்படுகிறது. ஒதுக்கிய நேரத்தில் 80 விழுக்காடு பயன்படுத்தினால் அடுத்த பருவத்திலும் அது அவர்களுக்கே உரியது. நாளடைவில் இந்த நேரமே ஒரு சொத்தாகிவிட்டது. 2016இல் ஒரு நாளுக்கு ஒருமுறை இறங்கி ஏறும் உரிமை 7.5 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. அவ்வளவு விலைமதிப்புள்ள நேரத்தில் நியூயார்க்குக்குப் போகாமல் இன்வெர்னஸுக்குப் போக எந்த நிறுவனம் இசையும்? பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1997இல் ஹீத்ரோ – இன்வெர்னஸ் வழியைக் கைவிட்டது. மீண்டும் தொடங்கியது 2016இல்தான். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் வாழும் பிளைமவுத் நகரம் 2011இன் தொடக்கத்தில் இலண்டன் விமானத்தை இழந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் நிலையமே மூடப்பட்டது. பிரிட்டனின் ஆட்சிப்பகுதியாக இல்லாவிடினும் அதைச் சார்ந்து நிற்கும் கர்ன்சித் தீவு வேறொரு வழி கண்டது. இலண்டனின் கேட்விக் நிலையத்தில் தனக்குரிய நேரம் பறிபோய்விடும் என்று அஞ்சி, 2003இல் அத்தீவின் அரசு ஆரிக்னி என்ற விமான நிறுவனத்தையே விலைக்கு வாங்கிவிட்டது!

இனி வரியைப் பார்ப்போம். விமானப் பயணி வரி 1994 நவம்பரில் வந்தது. அது புறப்படும்போது செலுத்தும் வரி. இதில் ஒரு விந்தை உண்டு. இலண்டனிலிருந்து பாரிஸ் சென்று திரும்புவோர் பிரிட்டனில் ஒருமுறைதான் புறப்படுகின்றனர்; எனவே ஒரு வரி. பெல்ஃபாஸ்டிலிருந்து இலண்டன் சென்று திரும்புவோர் இருமுறை புறப்படுகின்றனர்; எனவே இரண்டு வரி. 2012 முதல் ஒரு தடவைக்கு 13 பவுண்டு. அதாவது உறவினரைப் பார்க்கப் போனவர் 26 பவுண்டும், உல்லாசப் பயணம் போனவர் 13 பவுண்டும் கட்டினர். ஸ்காட்லாந்தின் மலைநாடு மற்றும் தீவுகளிலிருந்து புறப்படுவோருக்கு 2001 முதல் விலக்கு உண்டு. ஏனைய ஊர்களுக்கு அச்சலுகை இல்லை.

இவ்வரியின் பாரம் அதிகமாக விழுந்தது ஃப்ளைபி என்ற நிறுவனத்தின்மீது. 1979இல் ஜெர்சி யூரோப்பியன் என்ற பெயரில் பிறந்து, 2002இல் பெயர் மாறி, எக்சிட்டர் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது அது. பிரிட்டனின் உள்நாட்டு விமானங்களில் ஐந்தில் இரண்டு பங்கை அது ஒன்றே நடத்தி வந்தது. 2020 சனவரியில் நிறுவனம் தள்ளாடியபோது அரசு வரித் தவணையில் சலுகை தர முன்வந்தது. வரியையே மறுபரிசீலனை செய்வதாகவும் சொன்னது. அதற்குள் கொரோனா நோய் வந்தது. மார்ச் 5ஆம் நாள் விடியுமுன் எல்லா விமானங்களும் நின்றன. நிறுவனத்திடம் நேரே சீட்டு வாங்கியவர்களுக்கு, விடுமுறைச் சுற்றுலாப் பயணிகளைக் காக்கும் 1973ஆம் ஆண்டு ஏற்பாடு உதவவில்லை. கடன் அட்டைச் சட்டம் காப்பது 100 பவுண்டுக்கு மேற்பட்ட விலையை. மலிவாக வாங்கியவனுக்கே பாதுகாப்புக் குறைவு! அதே பெயரில் மீண்டும் தோன்றிய நிறுவனம் 2022 ஏப்ரலில் பறக்கத் தொடங்கி, 2023 சனவரி 28 அன்று மறுபடியும் வீழ்ந்தது. உள்நாட்டு வரியை 6.50 பவுண்டாகப் பாதியாக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 1 அன்று. இரண்டு மாதம் பிந்திய மருந்து. 2024இல் அவ்வரி 7 பவுண்டாயிற்று.

பயணியைக் காக்க இயற்றிய விதியும் சில வேளைகளில் சிறு விமானத்தையே அழுத்துகிறது. 2005இல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த தாமத இழப்பீட்டு விதியைப் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகிய பின்னும் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்தில் மூன்று மணி நேரத்துக்குமேல் தாமதமானால் ஒருவருக்கு 220 பவுண்டு. சீட்டு 50 பவுண்டாயினும் அதே தொகைதான். புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. சாதாரண இயந்திரக் கோளாறு அதில் சேராது என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், விமானியின் நோய் சேராது என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும் சீட்டு விலையை ஒட்டி இழப்பீடு தரலாமா என்று 2022இல் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது, அது சட்டமாகவில்லை. என் மனம் இதில் இருபுறமும் இழுபடுகிறது. மருத்துவமனைக்குப் போக வேண்டியவன் நாள் முழுதும் நிலையத்தில் கிடந்தால், அவன் இழந்தது சீட்டு விலையை மட்டுமா? ஆனால் 220 பவுண்டு கொடுத்துக் கொடுத்து விமானமே நின்றுபோனால் மறுநாள் அவன் எதில் போவான்?

பாதுகாப்புச் சோதனையின் கதை இதைவிட விசித்திரமானது. 2006இல் விமானங்களைத் தகர்க்கும் சதி வெளிப்பட்டபின் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொண்டு போகக்கூடாது என்ற விதி வந்தது. புதிய சோதனைக் கருவி வாங்கிவிட்டால் அவ்விதி வேண்டாம் என்று அரசு கூறி, 2024 சூனைக் கெடுவாக வைத்தது. டீஸைடு என்னும் சிறிய நிலையம் 2023லேயே முந்திக்கொண்டு கருவிகளைப் பொருத்திற்று. பெரிய நிலையங்களோ அவகாசம் கேட்டன. கெடு வந்தபோது, முந்திக்கொண்ட ஆறு நிலையங்களில் பழைய கட்டுப்பாடே மீண்டும் விதிக்கப்பட்டது. ஓடி முதலில் வந்தவனைத் தொடங்கிய கோட்டுக்கே திருப்பியனுப்பியது போல!

இவற்றுக்கெல்லாம் மாற்றாகப் பொதுச்சேவைக் கடமை என்றொரு ஏற்பாடு உள்ளது. சந்தை கைவிட்ட வழியை அரசோ உள்ளாட்சி மன்றமோ குறித்து, நாளுக்கு இத்தனை தடவை, இன்ன கட்டணம் என்று நிபந்தனை விதித்து, ஏலம் கோரி, நட்டத்தை ஈடுசெய்கிறது. டெரி, டண்டீ, நியூகீ ஆகிய ஊர்களுக்கு இலண்டன் விமானம் கிடைத்தது இவ்வகையில்தான். கடற்கரை மணலில், கடல்நீர் வடிந்த நேரத்தில் மட்டும் விமானம் இறங்கும் பாரா தீவும் இவ்வகையைச் சேர்ந்தது. அங்கே அட்டவணையை வகுப்பது கடல். தீவுவாசிகளுக்குக் கட்டணச் சலுகையும் 2006 முதல் உண்டு. இன்று அது பாதிக் கட்டணம்.

ஆயினும் மானியம் வழியைத்தான் காக்கும். அதில் பறக்கும் நிறுவனத்தைக் காக்காது. டெரி வழியை நடத்திய ஃப்ளைபிஎம்ஐ 2019 பிப்ரவரியில் விழுந்தது. அதை லோகன்ஏர் ஏற்றுக்கொண்டது. நியூகீ வழியை நடத்திய ஈஸ்டர்ன் ஏர்வேஸ் 2025 அக்டோபர் இறுதியில் நின்றது. பொதுப்பணத்தின் துணையோடு அந்நிறுவனம் நடத்திவந்த விக் – அபர்டீன் விமானமும் அன்றே நின்றது. 1933இல் ஃப்ரெசனின் விமானம் வந்திறங்கிய அதே விக். அங்கிருந்து இன்வெர்னஸுக்கு இரயிலில் போக நான்கு மணி நேரத்துக்கு மேலாகும்.