சஸ்பென்ஷனை மாற்றினால் மலைப்பாதையில் கார் சொன்ன பேச்சைக் கேட்குமா?

சேலம் அடிவாரம் தாண்டி, முதல் கொண்டை ஊசி வளைவில் காரைத் திருப்பியபோதே அம்மா மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "என்னடா இது, பரிசல்ல போற மாதிரி சாயுது!" ஏற்காட்டுக்கு மொத்தம் 20 வளைவுகள். அதற்கு மேல் கரடியூரில் சித்தி வீடு. அன்றைக்கு அம்மா கைப்பிடியை விடவே இல்லை.

எங்களுடையது பத்து வயது ஹேட்ச்பேக், லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. விஷயத்தைக் கேள்விப்பட்ட மச்சான் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார். "லோயரிங் ஸ்பிரிங் போடுங்க மாப்ள. கார் ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும்." தன் காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தி, இன்ஜின் பேனட்டுக்குக் கீழே பளபளவென்று ஒரு ஸ்ட்ரட் பாரும் மாட்டி வைத்திருப்பவர் அவர். நானும் கிட்டத்தட்ட முன்பணம் கொடுக்கிற நிலைக்குப் போய்விட்டேன்.

நல்லவேளை, அதற்கு முன் அவர் காரிலேயே ஒருமுறை கரடியூர் போனோம். நேரான இடத்தில் கார் ஜோராகத்தான் போனது. காபித் தோட்டங்களுக்கு நடுவே சாலை குறுகி, மழையில் அரித்த பள்ளங்கள் வந்ததும் அடிப்பாகம் இரண்டு இடத்தில் உரசியது. இறங்கும்போது ஒரு வளைவின் நடுவே சின்னப் பள்ளம். ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, முட்டுக் கொடுக்கும் ரப்பரில் 'தட்' என்று இடித்து, முன்பக்கம் வெளிப்பக்கமாக அரையடி துள்ளியது. எதிரே ஜீப் எதுவும் வரவில்லை. மச்சான் அதற்குப் பிறகு ஊர் வரும்வரை பேசவில்லை.

ஏன் அப்படி ஆனது?

கார் சாய்வதும், டயரின் பிடிமானம் குறைவதும் ஒன்றல்ல. நம்மில் பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். வளைவில் திரும்பும்போது காரின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பது பெரும்பாலும் காரின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகம் என்பவற்றைப் பொறுத்தது. ஸ்பிரிங்கை இறுக்கமாக்கினால் சாய்வு குறையும். எடை மாறுவது அப்படியே இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தைரியம் வரும், அவ்வளவுதான். பழைய அம்பாசடர் சாய்ந்து சாய்ந்தே எத்தனை மலை ஏறியிருக்கிறது!

தாழ்த்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் சின்ன கார்களில் முன்பக்கம் இருப்பது ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். காரை 40 மில்லிமீட்டர் இறக்கினால் கீழே இருக்கும் லோயர் ஆர்மின் கோணம் மாறிவிடும். கார் எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். விளைவு, கார் முன்பைவிட அதிகமாகச் சாய விரும்பும்! அதைத் தடுக்க இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் வேண்டும். அதை அடக்கப் பழைய ஷாக் அப்சார்பருக்குத் தெம்பு போதாது. ஒன்றைத் தொட்டால் நாலைத் தொட வேண்டிய கதை.

ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே ரப்பர் 'பஃபர்' செருகிக் காரை உயர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஸ்பிரிங்கை இறுக்கமாக்கும் வேலைதான். குண்டும் குழியுமான சாலையில் இறுக்கமான ஸ்பிரிங் சக்கரத்தைக் குதிக்க வைக்கும். அந்தரத்தில் இருக்கும் டயருக்கு ஏது பிடிமானம்?

சரி, சேஸி? லாரியிலும் பழைய ஜீப்பிலும் இருப்பதுபோல் தனிச் சட்டம் இன்றைய சின்ன கார்களில் கிடையாது. உடம்பே எலும்புக்கூடு. அது வளையாமல் நின்றால்தான் ஸ்பிரிங் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் என்பது உண்மை. பந்தயக் கார்களுக்குள்ளே கம்பிக் கூண்டு வைத்து வெல்டிங் செய்வது ஓட்டுநரின் உயிரைக் காக்க மட்டுமல்ல, இதற்காகவும்தான். ஆனால், குடும்பத்தோடு ஏற்காடு போகிற வேகத்தில் ஸ்ட்ரட் பாரின் பலன் தெரியவே தெரியாது. பேனட்டைத் திறந்து காட்ட அழகாக இருக்கும்.

அப்படியானால் சஸ்பென்ஷன் மாற்றத்தால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. முறையாகச் செய்தால். நம் கோயம்புத்தூரிலேயே உதாரணம் இருக்கிறது. கார் பந்தயத்தில் ஊறிய ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனமும் டாடா மோட்டார்ஸும் கைகோத்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என இரண்டு கார்களைக் கொண்டுவந்தன. டர்போ இன்ஜினுக்கு ஏற்ப ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். அத்தனை அனுபவசாலிகள் காரை எவ்வளவு தாழ்த்தினார்கள் தெரியுமா? 4 மில்லிமீட்டர். மச்சான் தாழ்த்தியதில் பத்தில் ஒரு பங்கு! 2020-ல் அந்த முயற்சி நின்றுபோனது வருத்தம்தான்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், காரின் எடையில் கால் பங்கு அளவு விசையை டயர்கள் பக்கவாட்டில் தாங்க வேண்டும். 30-ல் போனால் அது எடையில் 60 சதவிகிதத்தை நெருங்கிவிடும். 40-ல், காரின் மொத்த எடையையும் தாண்டிவிடும். சாதாரண டயரால், காய்ந்த சாலையில்கூட அதைத் தாங்க முடியாது. மழையிலும் பனியிலும் கேட்கவே வேண்டாம். எந்த ஸ்பிரிங்கும் இந்தக் கணக்கை மாற்றாது. நான்கு டயர்கள், ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு. அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லோரும் அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் இருக்கிறோம். 2024 ஏப்ரலில் இதே பாதையில் தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போனதை சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது அது தனித் தலைவலி. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே ரகப் பாகத்தைப் போடுவதில் இந்தப் பிரச்னை இல்லை.

கடைசியில் எங்கள் காருக்கு என்ன செய்தோம்? சேலத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கருவி எதையும் எடுக்கவில்லை. பம்பரின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் மூன்று முறை ஆடி நின்றது. "ஒரு தடவை எழும்பி நிக்கணும் தம்பி. ஷாக்ஸ் செத்து ரொம்ப நாளாச்சு." லோயர் ஆர்ம் புஷ் விரிந்திருந்தது. டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணைக் காட்டினார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்கள் டயருக்கு ஏழு வயது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருந்தது.

கம்பெனி ரகத்திலேயே நான்கு ஷாக் அப்சார்பர், புஷ்கள், புது டயர்கள், வீல் அலைன்மென்ட். காற்றழுத்தத்தை, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ளபடி வைத்தோம். மச்சான் தாழ்த்துவதற்குச் செலவழித்ததைவிட இதற்குக் கொஞ்சம் அதிகம்தான் ஆனது.

போன மாதம் மறுபடி கரடியூர் போனோம். வளைவுகளில் கார் இப்போதும் கொஞ்சம் சாய்கிறது. ஆனால், சாய்ந்த இடத்திலேயே நிற்கிறது, ஆடுவதில்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில், ஏறி வருகிற வண்டிகளுக்கு வழிவிட்டு, 20-ஐத் தாண்டாமல் ஒவ்வொரு வளைவையும் எடுத்தேன். பத்தாவது வளைவில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். மச்சான் கார் இப்போது பழைய ஸ்பிரிங்கில் ஓடுகிறது. ஸ்ட்ரட் பாரை மட்டும் கழற்றவில்லை.