கிதார் பெடலின் மின்னிணைப்பைப் பழுதுபார்த்தல்

கிதார் பெடல் என்பது மின்கிதாருக்கும் ஒலிப்பெருக்கிக்கும் இடையே இணைக்கப்பட்டு, ஒலியின் தன்மையை மாற்றும் சிறு மின்னணுக் கருவி ஆகும். இசைஞரின் இரு கைகளும் வாசிப்பில் ஈடுபட்டிருப்பதால், இது காலால் மிதித்து இயக்கும் வகையில் அமைந்துள்ளது. தரையில் வைக்கப்பட்டு அடிக்கடி மிதிபடுவதால், இதன் மின்னிணைப்பு தளர்ந்துபோவது பரவலாகக் காணப்படும் பழுதாகும். இப்பழுது பல வேளைகளில் வடத்தில் இருப்பதில்லை; பெடலின் உள்ளே, சாக்கெட் சுற்றுப்பலகையுடன் பற்றவைக்கப்பட்ட இடத்தில் இருக்கும். இதனைச் சிறு செலவில் சரிசெய்ய இயலும்.

மின்வழங்கல் அமைப்பு

1962 இல் வெளிவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் போன்ற தொடக்ககாலப் பெடல்கள் மின்கலத்தால் மட்டுமே இயங்கின. இன்றைய பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. இவற்றின் அடாப்டர் செருகி உருளை வடிவானது, வெளிவிட்டம் 5.5 மி.மீ., உள்விட்டம் 2.1 மி.மீ. செருகியின் நடுப்பகுதி எதிர்முனையாகவும் வெளிப்பகுதி நேர்முனையாகவும் இருப்பது வழக்கம். வேறு பல வீட்டு மின்கருவிகளில் இது தலைகீழாக இருக்கும்.

சாக்கெட்டில் மூன்று தொடுமுனைகள் உள்ளன. இரண்டு மின்சாரத்தைக் கொண்டுசெல்பவை. மூன்றாவது, செருகி நுழைந்தவுடன் உள்ளிருக்கும் மின்கலத்தின் இணைப்பைத் துண்டிப்பது.

பழுதின் அறிகுறிகளும் காரணங்களும்

வடத்தை அசைக்கும்போது விளக்கு அணைந்து எரிதல், கரகரப்பு, ஒலி விட்டுவிட்டு வருதல் ஆகியன அறிகுறிகளாகும். மின்னணு முறையில் நிலைமாற்றும் பெடல்களில், மின்சாரம் நின்றால் விளைவு அணைக்கப்பட்ட நிலையிலும் ஒலி கடந்து செல்லாது. எனவே வரிசையில் உள்ள ஒரே ஒரு பெடலின் பழுது இசைஞரின் ஒலி முழுவதையும் நிறுத்திவிடக் கூடும்.

முதன்மையான காரணங்கள்:

1. சாக்கெட் பலகையில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தால், வடம் இழுபடும் ஒவ்வொரு முறையும் விசை பற்றாசின் மீது விழுகிறது. நாளடைவில் முனையைச் சுற்றி நுண்ணிய வளைய வடிவ வெடிப்பு தோன்றுகிறது.
2. பெட்டியின் சுவரில் மரையால் பொருத்தப்பட்ட சாக்கெட்டில், மரை தளர்ந்தால் சாக்கெட் சுழன்று உட்கம்பி அறுபடும்.
3. உள்விட்டம் 2.5 மி.மீ. கொண்ட செருகி, 2.1 மி.மீ. சாக்கெட்டில் நுழையும், ஆனால் நடு ஊசியை இறுகப் பற்றாது.
4. செருகியின் கழுத்தருகே வடம் மீண்டும் மீண்டும் மடிவதால் உட்கம்பி முறியும்.

பழுதின் இடத்தைக் கண்டறிதல்

முதலில் அடாப்டரைக் கழற்றிவிட்டு மின்கலத்தால் இயக்கிப் பார்க்க வேண்டும். பெடல் சீராக இயங்கினால், பழுது அடாப்டர், வடம், சாக்கெட் ஆகியவற்றுள் ஒன்றில் உள்ளது. அடுத்து, அதே அடாப்டரை அதற்கு ஏற்ற வேறொரு பெடலில் இணைத்து வடத்தை அசைக்க வேண்டும். அங்கும் விட்டுவிட்டு இயங்கினால் குறை வடத்திலோ அடாப்டரிலோ உள்ளது. இல்லையெனில் சாக்கெட்டில் உள்ளது. பெடலின் மூடியைத் திறந்து, சாக்கெட்டின் முனைகளை உருப்பெருக்கியால் நோக்கினால் வெடிப்பு புலப்படும்.

சரிசெய்யும் முறை

வேலையைத் தொடங்குமுன் அடாப்டரையும் மின்கலத்தையும் அகற்ற வேண்டும். வெடித்த பற்றாசின் மேல் புதியதைப் பூசுவதைவிட, பழையதை உருக்கி, செப்பிழைப் பட்டையால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைப்பது நன்று. 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த பற்றாசு 183 °செ. வெப்பநிலையில் உருகும். பற்றுக்கோலின் நுனி 350 °செ. அளவில் இருக்கலாம். முனையையும் செப்புத்தடத்தையும் ஒருசேரச் சூடாக்கி, ஓரிரு நொடிகளில் பற்றாசைப் பாயவிட வேண்டும். நெடுநேரம் சூடாக்கினால் செப்புத்தடம் பலகையிலிருந்து பெயர்ந்துவிடும். அமிலம் கலந்த இளக்கி கம்பிகளை அரிக்குமாதலால், மின்னணு வேலைக்குரிய ரோசின் இளக்கியையே பயன்படுத்த வேண்டும். புகையைச் சுவாசிக்காதவாறு காற்றோட்டமுள்ள இடத்தில் பணிபுரிவதும், பின்னர் கைகளைக் கழுவுவதும் இன்றியமையாதன.

சாக்கெட்டின் உள்வில் தளர்ந்திருந்தால் புதிய சாக்கெட் பொருத்த வேண்டும். வடம் முறிந்திருந்தால், முறிந்த பகுதிக்கு அப்பால் வெட்டிப் புதிய செருகியைப் பற்றவைக்கலாம். செருகியின் உறையை முதலிலேயே வடத்தில் கோத்துக்கொள்ள வேண்டும்.

முனை மாறுதலின் விளைவு

புதிய செருகி பொருத்தியபின், பெடலில் இணைக்கும் முன்னரே மல்ட்டிமீட்டரால் முனைகளைச் சோதிக்க வேண்டும். பல பெடல்களில் மின்வழிக்குக் குறுக்கே பாதுகாப்பு டையோடு ஒன்று உள்ளது. முனைகள் மாறினால் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்து, அது எரிந்துபோகலாம். ஆயினும் சுற்றின் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் தப்பிவிடும். இத்தகைய டையோடு இல்லாத பெடலில் முனைமாற்றம் டிரான்சிஸ்டர்களையும் தொகுசுற்றுகளையும் அழித்துவிடக் கூடும்.

எச்சரிக்கை

சில பழைய பெடல்களில் அடாப்டர் இன்றி, வீட்டு மின்சாரம் நேரடியாகப் பெட்டிக்குள் செல்லும். இவற்றின் வடம் தளர்ந்தால் உலோகப் பெட்டியிலேயே மின்சாரம் பாயக்கூடும். அது உயிருக்கு ஆபத்தானது. இவற்றைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே பழுதுபார்க்க வேண்டும்.

தடுக்கும் வழிகள்

வடத்தைப் பிடித்து இழுக்காமல் செருகியைப் பிடித்துக் கழற்றுதல், சாக்கெட்டருகே வடத்தைச் சற்றுத் தளர்வாக விட்டு அதற்கப்பால் பெடல் பலகையுடன் கட்டிவைத்தல், செங்கோண வடிவச் செருகியைப் பயன்படுத்துதல் ஆகியவை விசை பற்றாசைச் சென்றடையாமல் தடுக்கின்றன. இவற்றைக் கடைப்பிடிக்காவிடில், சரிசெய்த இணைப்பும் அதே இடத்தில் மீண்டும் வெடிக்கும்.