குதிரைக்கும் நாய்க்கும் இயக்கச் சிகிச்சை

இங்கிலாந்து தேசத்தில் ஷ்ராப்ஷயர் ஜில்லாவில் ஹார்ப்பர் ஆடம்ஸ் என்னும் கலாசாலை இருக்கிறது. தாமஸ் ஹார்ப்பர் ஆடம்ஸ் என்ற நிலச்சுவான்தார் மரண சாஸனத்தில் எழுதிவைத்த சொத்தைக் கொண்டு 1901-ம் வருஷத்தில் விவசாயம் போதிக்கத் திறக்கப்பட்ட அது, 2012-ல் சர்வகலாசாலையாயிற்று. அவ்விடத்தில் குதிரை, நாய் முதலிய பிராணிகளுக்குப் ‘பிஸியோதெரபி’ செய்யும் வித்தையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. கத்தியும் மருந்துமின்றி, கையாலும் பயிற்சியாலும் நீர், குளிர், வெப்பம் ஆகியவற்றாலும் அடிபட்ட அவயவத்தை மறுபடி இயங்கச் செய்வதே இச்சிகிச்சையாகும். மனிதருக்கு இதைச் செய்யத் தேர்ச்சி பெற்றவர், பின்னர் பிராணிகளைப் பற்றி மேற்பட்டம் படித்து இத்தொழிலிற் புகுவதும் உண்டு.

காலைப் பிடித்துவிடுவதற்கு ஒரு பட்டமா என்று நம்மவரிற் சிலர் நகைக்கக்கூடும். மாணாக்கர் முதலிற் கற்பது பிடித்துவிடுதலன்று, பார்த்தல். குதிரையின் தேகபாரத்தில் 100-க்குச் சுமார் 60 பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. அவற்றை உடலோடு பிணைக்கக் காறையெலும்பு கிடையாது. தசைகளே அப்பாரம் முழுவதையும் ஏந்தி நிற்கின்றன. முன்னங்காலின் முழங்கால் என்று நாம் சொல்லும் மூட்டு உண்மையில் நமது மணிக்கட்டுக்குச் சமானமானது. அதற்குக் கீழே சதைப்பற்று இல்லை; தசைநாண்களே குளம்புவரை ஓடுகின்றன. இரத்த ஓட்டம் குறைந்த அந்நாண் கிழிந்தால் ஆறுவதற்கு ஒரு வருஷம்கூடச் செல்லும். வீக்கம் வடிந்து நொண்டல் நின்ற மாத்திரத்தில் குதிரையை ஓடவிட்டால், பாதி ஆறிய நாண் மறுபடி கிழியும். ஆகையால் முதலிற் கையிற் பிடித்து நடத்தி, வாரந்தோறும் சில நிமிஷங்களைக் கூட்டிக்கொண்டு போகும் கணக்கே இக்கல்வியின் முக்கிய பாகம். எஜமானனின் பொறுமையும் இதற்கு வேண்டும். அதை எந்தக் கலாசாலையும் கொடுக்காது.

எந்தக் கால் நோகிறதென்று அறிய அவர்கள் கற்கும் குறி நமது உழவு மாட்டிற்கும் பொருந்தும். கடினமான சமதரையில் பிராணியை நேராக நடத்திப் பார்க்க வேண்டும். நோயுள்ள முன்னங்கால் தரையிற் படும்போது அது தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். தலை தாழ்வதே நோவின் குறி என்று எண்ணினால் நல்ல காலுக்கு ஒற்றடமிட நேரும்.

நாய்களில், முதுகெலும்பின் இடைத்தட்டு விலகிப் பின்னங்கால்கள் விழுந்துபோவது குட்டைக் காலுள்ள டாக்ஸ்ஹுண்ட் ஜாதிக்கு அதிகம். அத்தகைய நாயை, அடியிற் பட்டை ஓடும் கண்ணாடித் தொட்டியில் நிறுத்தி, நீர் நிரப்பி நடக்க வைக்கிறார்கள். நீர் இடுப்பு மூட்டளவு நின்றால் கால்கள் தாங்குவது தேகபாரத்தில் 100-க்குச் சுமார் 38 பங்கு. பின்னங்காலின் முழங்காலளவு நின்றால் சுமார் 85 என்று அளந்து கண்டிருக்கிறார்கள். நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்தே பாரத்தைக் காலுக்குப் பழக்குகிறார்கள். ஆறாத புண்ணுள்ள பிராணியை நீரில் இறக்கலாகாது.

பிரிட்டனில் 1966-ம் வருஷத்துச் சட்டப்படி, பிராணியின் நோய் இன்னதென்று நிதானிக்கும் உரிமை பதிவுபெற்ற கால்நடை வைத்தியருக்கே உண்டு. அடிபட்ட பிராணியை அவர் பரிசோதித்த பின்னரே இச்சிகிச்சை தொடங்கலாம். இது வெறும் சம்பிரதாயமன்று. எலும்பிற் கீறல் விட்டிருக்கும் காலை நோவு சுளுக்கென்று நினைத்துத் தேய்த்து நடத்தினால், கால் முறிந்தே போகலாம். ஆயினும் அச்சட்டத்தில் ஒரு குறை இருப்பதாகவே தோன்றுகிறது. ‘பிஸியோதெரபிஸ்ட்’ என்னும் பெயரைத் தகுதியற்றவர் சூட்டிக்கொள்ளாதபடி வேறொரு சட்டம் காக்கிறது. ‘பிராணி பிஸியோதெரபிஸ்ட்’ என்ற பெயருக்கு அக்காப்பு இல்லை. சொற்ப காலம் படித்தவரும் அப்பெயரோடு பலகை மாட்டிவிடலாம். எனவே, எங்கே, எத்தனை காலம் படித்தார், உயிருள்ள பிராணிகளிடம் எவ்வளவு கைப்பழக்கம் பெற்றார் என்பவற்றைக் குதிரை வைத்திருப்போரே விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வைத்தியரின் கடிதத்தைக் கேளாமல் லாயத்திற்குள் நுழைபவரைத் திருப்பி அனுப்புவதே நலம். கேட்பவரிடம், முன்பு கொடுத்த மருந்துகளின் விவரத்தையும் கூடவே சொல்லிவிட வேண்டும். வலி தணிக்கும் மருந்து உண்ட குதிரை நொண்டாமல் நடந்து தேர்ந்த கண்ணையும் ஏமாற்றிவிடும்.