பிடியரிசிப் பானையும் கியூஆர் அட்டையும்

நெல்லை, தூத்துக்குடி பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் முன்பெல்லாம் அடுப்பங்கரையில் ஒரு கலயம் தனியாக இருக்கும். உலைக்கு அரிசி எடுக்கும்போதே அம்மா ஒரு பிடி அள்ளி, மனதுக்குள் ஜெபித்து, அதில் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் அந்த அரிசி ஓலைப்பெட்டிக்கு மாறிக் கோவிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்பது இதுதான்.

அது பெண்களின் காணிக்கை. பனையேறியோ கடை வைத்தோ வந்த பணம் வீட்டுக்காரர் கையில் இருந்தது. சங்கக் காணிக்கை எவ்வளவு என்று தீர்மானித்தவரும் அவரே. உலையில் எத்தனை பிடி விழவேண்டும் என்பது மட்டும் அவள் அதிகாரம். யாரையும் கேட்காமல் கர்த்தருக்கென்று அவளால் எடுத்துவைக்க முடிந்தது அந்த ஒரு பிடிதான். பிள்ளைகளுக்கே போதாத நாளிலும் எடுத்துவைத்தாள். இருந்த கடைசிப் பிடி மாவையும் தீர்க்கதரிசிக்குக் கொடுத்த சாறிபாத் ஊர் விதவையின் கதையைப் பிரசங்கத்தில் கேட்கும்போது அவளுக்கு அது பக்கத்து வீட்டுச் சங்கதி.

கோவிலில் அதைக் கொட்டும்போது பார்க்கவேண்டும். ஒரு வீட்டில் புழுங்கல், அடுத்த வீட்டில் பச்சரிசி, இன்னொரு வீட்டில் கல்லும் குருணையுமான ரேஷன் அரிசி. எல்லாம் ஒரே சாக்கில் விழும். சில ஊர்களில் ஏலம் போடுவார்கள். சில ஊர்களில் உபதேசியார் வீட்டுக்கோ மாணவர் விடுதிக்கோ போகும். அந்தக் கலப்பரிசியை வடிப்பது பெரும்பாடு. பச்சரிசி குழைந்த பிறகும் புழுங்கல் விறைத்து நிற்கும். அந்தச் சோற்றைத் தின்று படித்த பிள்ளைகள் ஏராளம். எந்தப் பருக்கை யார் வீட்டுப் பிடி என்று எவராலும் சொல்ல முடியாது. இந்தக் காணிக்கையின் பெருமையே அதுதான் என்பேன்.

1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் தோழர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர் பணத்திலேயே ஊழியம் நடக்கவேண்டும் என்று உறுதிகொண்டார்கள். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பும் துணிவு, இப்படிச் சிறுகச் சிறுகக் கொடுக்கப் பழகியிருந்த சபைகளிலிருந்துதான் வந்தது. அசரியா பிறந்த வெள்ளாளன்விளையும் பனங்காட்டு ஊரே.

இன்று கலயம் இருந்த இடத்தில் மிக்சி இருக்கிறது. கோவில் வாசலில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே சபை விருந்தான அசனப் பண்டிகைக்குப் பணம் அனுப்புகிறான். கணக்கு பைசா சுத்தமாக நிற்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம், ஆசிரியையாகவும் நர்ஸாகவும் வேலை பார்க்கும் பெண்கள் தங்கள் சம்பளத்திலிருந்து தாங்களே தசமபாகம் எடுத்துவைக்கிறார்கள். அவர்கள் பாட்டிமாருக்கு வாய்க்காத சுதந்திரம் இது. ஆயனாக இதற்காக நான் தேவனைத் துதிக்கிறேன்.

ஆனால் இப்போது ஒவ்வொரு காணிக்கைக்கும் பெயர் இருக்கிறது. உறையில் பெயர், ரசீதில் பெயர், பண்டிகையன்று மைக்கில் பெயரும் தொகையும். முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளும் பாட்டி அந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சாக்கில் அரிசி விழுந்த காலத்தில் அவருடைய பிடிக்கும் பண்ணையார் வீட்டுப் பிடிக்கும் வித்தியாசம் தெரியாது. பிள்ளைகளும் கொடுப்பதைக் கண்ணால் காண்பதில்லை. அப்பா போனைத் தட்டுகிறார். அவர் காணிக்கை அனுப்புகிறாரா, கரண்ட் பில் கட்டுகிறாரா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

காலம் மாறியும் இந்த வழக்கம் நிற்கமுடியும். மிசோரமில் 1910 வாக்கில் தொடங்கிய பிடியரிசி வழக்கம் இன்றும் வீடுதோறும் நடக்கிறது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் ஊழியத்துக்குச் சேர்கிறது. அந்த மிசோ வீடுகளிலும் கேஸ் அடுப்பும் குக்கரும்தான்.

எங்கள் சபையிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பிடியரிசிக்கென்று வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். வீடு சந்திப்புக்குப் போகும்போது, அந்தப் பிடியைப் பிள்ளையின் கையாலேயே அள்ளிப் போடச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சேரும் அரிசி விடுதிச் சமையலறைக்குப் போகிறது. ரசீது போடுவதில்லை, மைக்கில் வாசிப்பதும் இல்லை.