பிரிண்ட் முடிந்தும் ஃபேன் ஓடுவது ஏன்?

பத்துப் பக்கம் பிரிண்ட் கொடுத்தீர்கள். கடைசித் தாளும் வெளியே வந்து விழுந்துவிட்டது. ஆனாலும் லேசர் பிரிண்டர் அடங்கவில்லை. உள்ளே ‘உஸ்’ என்று ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் வீணாகிறதே என்று சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு, தூசி படக்கூடாது என்று உடனே பிளாஸ்டிக் உறையையும் மாட்டிவிடுகிறோம். புதிதாகப் பிரிண்டர் வாங்கியவர்கள் பலரும் செய்யும் காரியம் இது. நல்லது என்று நினைத்துச் செய்யும் இந்த இரண்டுமே பிரிண்டருக்குக் கெடுதல்.

செஞ்சிக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க ராஜகிரி மலையே போதும். சித்திரை மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகு கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். வெயில் போயிருக்கும், ஆனால் பாறையில் அனல் போயிருக்காது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது மெல்லத்தான் விடும். உங்கள் லேசர் பிரிண்டருக்குள்ளும் அப்படி ஒரு சூடான பாறை இருக்கிறது. அதன் பெயர் ஃபியூசர்.

லேசர் பிரிண்டர் மையால் அச்சடிப்பதில்லை. டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த மிக நுண்ணிய தூள். டிரம் அந்தத் தூளை எழுத்து வடிவத்தில் தாளின் மேல் வைக்கிறது. அந்த நிலையில் விரலால் தேய்த்தால் எழுத்து அழிந்துவிடும். அடுத்து தாள் இரண்டு உருளைகளுக்கு நடுவே நசுங்கிப் போகிறது. அதுதான் ஃபியூசர். அங்கே சூடு ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ். தூள் உருகித் தாளில் ஒட்டிக்கொள்கிறது. புதிதாக வந்த தாள் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான்.

இந்தச் சூடு சாதாரண விஷயம் இல்லை. நாம் இன்றும் ‘ஜெராக்ஸ் எடுப்பது’ என்று சொல்கிறோமே, அந்தப் பெயரை உலகம் முழுவதும் பரப்பிய ஜெராக்ஸ் 914 இயந்திரம் 1959-ல் வந்தது. அதற்குள் தாள் சிக்கினால் கருகித் தீப்பிடிக்கும் என்பதால், கூடவே ஒரு சின்னத் தீயணைப்பானும் கொடுத்தார்கள்! இன்றைய பிரிண்டர்களில் சூட்டை அளக்கும் சென்சாரும், அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஃபியூசும் இருக்கின்றன. பயப்பட வேண்டாம்.

ஆனால் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஃபியூசருக்குச் சில அங்குல தூரத்திலேயே டோனர் கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்திருக்கிறது. டோனர் தூளுக்கு 200 டிகிரி வேண்டியதில்லை. 60 டிகிரியை நெருங்கினாலே இளகிக் கட்டி தட்டத் தொடங்கும். அச்சு முடிந்ததும் ஹீட்டர் நின்றுவிடும். ஆனால் உருளையில் தங்கிய சூடு எங்கே போகும்? சுற்றியுள்ள பாகங்களுக்குத்தான் பரவும். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் ஃபேன் ஓடுகிறது. சில நிமிடங்களில் தானே நிற்கும். அதற்கு ஆகும் மின்சாரம் ஒரு சில வாட்தான். மிச்சம் பிடிக்க இது இடமில்லை. (சில சிறிய மாடல்களில் ஃபேனே கிடையாது. காற்றுத் துளைகள் மட்டும்தான். அவற்றை மூடாமல் இருப்பது இன்னும் முக்கியம்.)

ஒரு நாள் கரண்ட் போய் ஃபேன் நின்றால் பிரிண்டர் கெட்டுவிடாது. தினமும் நாமே அப்படி நிறுத்தினால்தான் பாகங்களின் ஆயுள் குறையும். கரண்ட் போனால் உறை போடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். சூடு சீக்கிரம் போகட்டும் என்று மூடியைத் திறந்து வைக்கவும் கூடாது, டிரம்மில் வெளிச்சம் பட்டால் அது கெடும். சிக்கிய தாளை எடுக்க வேண்டுமானால் 10, 15 நிமிடம் பொறுங்கள். உள்ளே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிய பகுதியைத் தொடாதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

‘அப்படியானால் யுபிஎஸ்ஸில் மாட்டிவிடலாமே?’ என்று கேட்பீர்கள். வேண்டாம். ஃபியூசர் சூடேறும் நேரத்தில் லேசர் பிரிண்டர் பல நூறு வாட் இழுக்கும். வீட்டில் வைக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தரும். கம்ப்யூட்டரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அணைந்துவிடும். பிரிண்டருக்குச் சுவரில் தனி பிளக்தான் சரி.

கோடையில் கூடுதல் கவனம்

பல பிரிண்டர்களின் கையேட்டைப் புரட்டினால், அறையின் வெப்பம் 10 முதல் 32.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் செஞ்சியில் இது நடக்கிற காரியமா? மலைகள் சூழ்ந்த ஊர். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் கேட்கவே வேண்டாம். அப்போது ஃபேன் வழக்கத்தைவிட நீண்ட நேரம் ஓடும். நடுவில் பிரிண்டர் நின்று, ஆறிய பிறகு தானே தொடரும். இது கோளாறு இல்லை. நூறு பக்கத்தை ஒரே மூச்சில் கொடுக்காமல் இருபது இருபதாகக் கொடுங்கள், அதுவும் காலையில். அலமாரிக்குள் திணிக்காமல், காற்றுத் துளை உள்ள பக்கங்களில் ஒரு சாண் இடம் விடுங்கள்.

கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் விலாசம் அடிப்பவர்கள் இன்னொன்றைக் கவனித்திருக்கலாம். அகலம் குறைந்த கவர் போகும்போது உருளையின் ஓரங்களில் தாள் படாததால் அங்கே சூடு தேங்கும். அதனால் பிரிண்டர் வேண்டுமென்றே மெதுவாக ஓடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு ஒரு வேடிக்கை. தாள் வெளிவரும் இடத்தில் புகை மாதிரி வரும். கருகல் வாடை இல்லையென்றால் அது ஈரம் இழுத்த தாளிலிருந்து கிளம்பும் ஆவிதான். தாளை அதன் உறையிலேயே சுற்றி வையுங்கள்.

எந்தச் சத்தத்துக்குக் கவலைப்பட வேண்டும்?

அச்சு தொடங்கும்போது ‘கீய்ங்’ என்று ஏறும் சத்தம், லேசர் ஒளியைத் திருப்பும் கண்ணாடி சுழலும் சத்தம். ‘டக் டக்’ என்பது தாளைப் பிடித்து விடும் விசை. சீரான காற்றுச் சத்தம் ஃபேன். இவை மூன்றும் வழக்கமானவை. ‘கடகட’ என்று ஃபேன் உதறினால் தூசியோ காகிதத் துண்டோ மாட்டியிருக்கலாம், அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். வழக்கமாக ஓடும் ஃபேன் ஓடவே இல்லை, உள்ளே கருகல் வாடையும் அடிக்கிறது என்றால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வெளித் துளைகளில் படிந்த தூசியை, பிளக்கைக் கழற்றிய பிறகு உலர்ந்த பிரஷால் தட்டினால் போதும். கொட்டிய டோனரை எடுக்க வீட்டு வாக்குவம் கிளீனரைப் போடாதீர்கள். அதன் வடிகட்டிக்குள் இந்தத் தூள் நிற்காது, அறை முழுவதும் பறக்கும்.

இங்க்ஜெட் வைத்திருப்பவர்களுக்கு ஃபியூசர் தொல்லை இல்லை. பிரிண்ட் முடிந்ததும் அதில் கேட்கும் ‘கர்ர்’ சத்தம், மை தெளிக்கும் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிக்குள் உட்காரும் சத்தம். அதற்குள் சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் திறந்தே நிற்கும், கோடையில் மை காய்ந்து துளை அடைத்துக்கொள்ளும். லேசரோ இங்க்ஜெட்டோ, முதலில் பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்துங்கள். விளக்கு அணைந்து சத்தம் முழுதும் நின்ற பிறகு சுவர் சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போங்கள்.