சாரல் மீது மட்டும் பழி போடாதீர்கள்

ஜூன் பிறந்ததும் புளியரைக் கணவாய் வழியே ஈரக்காற்று இறங்குகிறது. குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது. தென்காசியில் பள்ளிகள் திறக்கின்றன. இழுப்பு உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்தச் சீசன் கவலைக் காலம். "சாரல்ல நனைஞ்சான், வீசிங் வந்துட்டு" என்று நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

சாரல் மட்டும் காரணமல்ல. வகுப்பறையில் தொற்றும் சளிக் கிருமியும், ஈரச்சுவரில் படரும் பூஞ்சையும் மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. இவற்றை முழுவதுமாகத் தடுக்க நம்மால் முடியாது. அதேபோல் மூச்சுக்குழாயைச் சுருக்கும் வீட்டுப் புகையைத் தடுக்க முடியும்.

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 முதல் மூடிய பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. அதுவரை ஆஸ்துமாவால் மருத்துவமனையில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 5 சதவீதம் போலக் கூடிக்கொண்டிருந்தது. தடைக்குப் பிறகு அது ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம் குறையத் தொடங்கியதாக 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. மதுக்கூடத்தின் வாசலையே மிதிக்காத சின்னஞ்சிறு குழந்தைகளிடமும் இந்தக் குறைவு தெரிந்தது. பெரியவர்கள் புகையைக் குறைத்தார்கள், பிள்ளைகளுக்கு மூச்சு கிடைத்தது. எனக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இந்தியாவிலும் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் தடை இருக்கிறது. வீட்டுத் திண்ணைக்குச் சட்டம் வராது. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குப் பீடி சுற்றும் கூலிதான் சோறு. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பீடித் தூளைப் பிள்ளை படுக்கும் அறையில் வைக்காதீர்கள், காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து சுற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். அப்பாவிடம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும்: பீடி வேண்டாம். விறகடுப்புப் புகையும் கொசுவர்த்திப் புகையும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

இன்னொன்று மருந்து. நெபுலைசர் வைத்ததும் பிள்ளை தெளிந்துவிடும். குழாயின் உள்வீக்கம் அப்படியே இருக்கும். அதைத் தணிப்பது தினமும் இழுக்கும் தடுப்பு இன்ஹேலர். "பழகிடும்" என்று பயந்து நாமாக நிறுத்துவதால்தான் பல பிள்ளைகள் மறுபடியும் வார்டுக்கு வருகிறார்கள். அது போதைபோலப் பழகும் மருந்து அல்ல. அதன் அளவு மைக்ரோகிராமில்தான். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழல் வைத்து இழுத்தால் நேரே நுரையீரலுக்குப் போகும். பின்லாந்து 1994இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில் இந்தத் தடுப்பு மருந்துக்கு முதலிடம் தந்தது. ஆஸ்துமாவுக்கான மருத்துவமனை நாட்கள் ஏறக்குறைய பாதியாயின.

விலா உள்வாங்கினாலோ, பேச்சு திக்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கிறது. சீசனுக்கு முன்பே, மே மாதத்தில், இழுப்புள்ள பிள்ளைகளின் வீட்டுக்கும் தடுப்பு இன்ஹேலரும் ஸ்பேசரும் அதே பையில் வந்து சேரட்டும்.